ஒட்டிச் சேர்த்த குடும்பங்கள்: வளைகுடாவும் எமது பழைய படங்களும்

பழைய குடும்பப் படங்களைக் கொண்டு நினைவுப் பொருள்கள் செய்வது இன்று எல்லா இடங்களிலும் பரவிவிட்ட வழக்கம். அறுபதாம் கல்யாணத்துக்கும், ஆண்டுத் திவசத்துக்கும், பிள்ளைகளின் பிறந்தநாளுக்கும் அம்மம்மாவின் மங்கிய படமொன்றைத் தேடியெடுத்து, பெருப்பித்து, நிறம் தீட்டி, பிறேம் போட்டுக் கொடுக்கிறார்கள். இதைப் பொழுதுபோக்கு என்றோ ஸ்ரூடியோக்காரரின் வியாபாரம் என்றோ சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் உழைப்புக்காக மத்திய கிழக்குக்கும், உயிர் தப்புவதற்காக வேறெங்கெங்கோவும் சிதறிப்போன ஒரு சமூகத்தில், பழைய படத்தை வெட்டுவதும் ஒட்டுவதும் அவ்வளவு சாதாரணமான காரியமாக இருந்ததில்லை. ஒரே கூரையின் கீழ் கூட முடியாதவர்களை ஒரே சட்டகத்துக்குள் கூட்டிவைப்பதற்கு எம்மவர் கைக்கொண்ட வழி அது. அந்த வழியின் வரலாற்றை, வளைகுடா நாடுகளை முன்வைத்துச் சற்று விரிவாகப் பார்க்க முனைகிறோம்.

அபுதாபியில் தொடங்கிய ஒரு வேலை

2010 ஆம் ஆண்டில் அபுதாபி ஸாயித் பல்கலைக்கழகத்தில் கற்பித்துவந்த மிஷெல் பாம்ப்ளிங் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். எமிராத்தி மாணவிகள் தத்தம் வீடுகளில் கிடந்த பழைய படங்களைத் தேடியெடுத்தார்கள். படத்தில் இருப்பவர் யார், எங்கே எடுத்தது, அப்போது என்ன நடந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதினார்கள். பின்னர் அந்தப் படங்களையும் கதைகளையும் வைத்துத் தாங்களே கலைப்பொருள்கள் செய்தார்கள். ‘நாம் மறந்துவிடாதிருக்க’ என்று பொருள்படும் பெயரைத் தாங்கிய இந்தத் திட்டம் பின்னர் சலாமா பின்த் ஹம்தான் அல் நஹ்யான் அறக்கட்டளையின் ஆதரவுடன் வளர்ந்தது. 2014 இல் வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியில் ஐக்கிய அரபு எமிரேற்ஸ் முதன்முறையாகப் பங்குகொண்டபோது அந்நாட்டு மண்டபத்தை வடிவமைக்கும் பொறுப்பும் பாம்ப்ளிங்கிடமே வந்தது. 1950 முதல் 1999 வரையான எமிராத்திக் குடும்பப் படங்கள் 2015 இல் நூலாகவும், அபுதாபி துறைமுகப் பகுதியில் பழைய பண்டகசாலையொன்றில் திறக்கப்பட்ட கலைக்கூடத்தில் கண்காட்சியாகவும் வெளிவந்தன.

இந்த வேலையின் பெறுமதியை உணர்வதற்கு அந்நாட்டின் கால அளவை மனதிற்கொள்ள வேண்டும். அபுதாபியிலிருந்து எண்ணெய் முதன்முதலாக ஏற்றுமதியானது 1962 இல். ஏழு எமிரேற்ஸ்களில் ஆறு ஒன்றிணைந்து புதிய நாடாகியது 1971 டிசம்பர் 2 இல். ராஸ் அல் கைமா அடுத்த ஆண்டு பெப்ரவரியில் சேர்ந்துகொண்டது. ஈச்ச ஓலை வீட்டில் பிறந்த ஒருவர் தன் வாழ்நாளுக்குள்ளேயே கண்ணாடிக் கோபுரங்களின் கீழ் நடக்கும்படி ஆயிற்று. பிறந்த வீடு, தெரு, படகுத்துறை எதுவும் எஞ்சவில்லை. எஞ்சியவை சில படங்கள் மட்டுமே. அவையும் பெட்டிகளுக்குள் இருந்தவை. பெண்களின் படங்களை அந்நியர் பார்க்கக்கூடாது என்ற கட்டுப்பாட்டுக்குள் இருந்தவை. அவற்றை வெளியே எடுப்பதற்கு அந்தந்த வீட்டுப் பெண்பிள்ளைகளே தேவைப்பட்டார்கள் என்பதில் வியப்பில்லை.

இது பாராட்டவேண்டிய முயற்சி. ஆனால் இதைப் பார்க்கும்போது எம்மிடம் வேறொரு கேள்வியும் எழுகிறது. ஐக்கிய அரபு எமிரேற்ஸில் வாழ்பவர்களில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் அந்நாட்டுக் குடிமக்கள் அல்லர். மலையாளிகள், தமிழர், சிங்களவர், பாகிஸ்தானியர், வங்காளிகள், பிலிப்பைன்ஸ்காரர் என்று அரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே உழைத்தவர்களுடைய அல்பம் எங்கே இருக்கிறது?

கமராவுக்குப் பின்னால் நின்றவர்கள்

வளைகுடாவின் பழைய படங்களில் பலவற்றை எடுத்தவர்களே வெளியூர்க்காரர்கள்தான் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. எண்ணெய்க்கு முந்திய காலத்தில் அக்கரையோரம் பம்பாயையும் கராச்சியையும் பார்த்தே வாழ்ந்தது. இந்திய ரூபாயே அங்கு செலாவணி. 1959 இல் இந்திய ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கெனத் தனி ரூபாய்த் தாள்களை அச்சிட்டது. 1966 இல் இந்திய ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்ட பின்னரே பெரும்பாலான வளைகுடா நாடுகள் அதனைக் கைவிட்டன. துணி, அரிசி, மரம், மருந்து வந்த அதே கப்பல்களில் கமராக்களும் வந்தன, கமராக்காரரும் வந்தார்கள்.

நூர் அலி ராஷித் 1929 இல் குவாடரில் பிறந்தவர். 1958 வரை ஓமான் சுல்தானின் ஆளுகையில் இருந்த ஊர் அது. அவர் டுபாய் வந்து சேர்ந்ததும் அதே 1958 இல்தான். ஆட்சியாளர் குடும்பங்களைப் பல பத்தாண்டுகள் படமெடுத்து, 2010 இல் காலமானார். ரமேஷ் சுக்லா 1965 இல் பம்பாயிலிருந்து வந்தவர். 1971 டிசம்பர் 2 இல் ஒன்றியம் பிறந்த தருணத்தை அவர் எடுத்த படம் அந்நாட்டவர் அனைவருக்கும் தெரிந்த படம். ஒரு நாடு தன் பிறப்பை ஒரு குடியேறியின் கண்ணூடாகவே நினைவில் வைத்திருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

புகழ்பெற்ற இவ்விருவருக்கும் அப்பால், கடைத்தெருக்களில் சிறு ஸ்ரூடியோ நடத்திய இந்தியர்களும் பாகிஸ்தானியர்களும் இருந்தார்கள். எமிராத்திக் கலைஞரான அம்மார் அல் அத்தார் இந்தப் பழைய ஸ்ரூடியோக்களைத் தேடிச்சென்று, அவற்றின் கமராக்களையும் திரைகளையும் உரிமையாளர்களையும் பதிவு செய்திருக்கிறார். புதிய நாடு பிறந்ததும் கடவுச்சீட்டு, அடையாள அட்டை, தொழில் அனுமதி என்று எதற்கும் படம் கேட்டார்கள். ஸ்ரூடியோவின் அன்றாடப் பிழைப்பு அந்தச் சிறிய படங்களில் நடந்தது. வெள்ளிக்கிழமை விடுமுறையில் குளித்துச் சட்டை மாற்றி வந்த தொழிலாளி, கடவுச்சீட்டுப் படத்தோடு இன்னொன்றையும் எடுத்துக்கொண்டான். அது ஊருக்கு அனுப்புவதற்கு.

நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் அபுதாபி வளாகத்தில் ‘அக்காஸா’ என்றொரு ஒளிப்பட ஆவண மையம் உருவானது. அக்காஸா என்றால் அப்பகுதிப் பேச்சுவழக்கில் கமரா. ஆவணம் ஆக்கும் எண்ணம் அங்கே வேரூன்றிவிட்டது என்பதற்கு இது அடையாளம். ஆனால் தொழிலாளி எடுத்த அந்த இரண்டாவது படம் அங்கே தங்கவில்லை. அது கடல் கடந்து போய்விட்டது. எனவே அதனைத் தேடவேண்டிய இடம் வளைகுடா அல்ல, எமது வீட்டுச் சுவர்களும் தகரப் பெட்டிகளுமே.

ஒட்டும் கலை

அந்தப் படங்கள் ஊரில் என்ன ஆயின என்று பார்ப்பதற்கு முன், படத்தின்மேல் வேலை செய்யும் எமது மரபைச் சுருக்கமாகவேனும் சொல்லவேண்டும். 1856 இல் சென்னையில் ஒளிப்படச் சங்கம் தொடங்கப்பட்டது. 1858 இல் லினேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலப் படை அதிகாரி மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களைப் படமெடுத்தார். கொழும்பில் பிளாற்றே நிறுவனம் 1890 இல் தொடங்கியது. கறுப்பு வெள்ளைப் படத்தை வெறுமனே விட்டுவைக்க எம்மவர் மனம் ஒப்பவில்லை. சேலைக்கரைக்குச் சிவப்பும், நகைக்குப் பொன் நிறமும், கன்னத்துக்கு இளஞ்சிவப்பும் தூரிகையால் ஏற்றினார்கள். ராஜஸ்தானத்து நாத்துவாராவில் யாத்திரிகரின் முகத்தைப் படத்திலிருந்து கத்தரித்து, ஸ்ரீநாத்ஜியின் முன் அவர் கைகூப்பி நிற்பதாக வரைந்த ஓவியத்தில் ஒட்டிக் கொடுத்தார்கள். போகாத இடத்துக்குப் போனதாகவும், சேராதவர்கள் சேர்ந்ததாகவும் காட்டுவதற்குப் படம் பயன்படும் என்பதை இந்தியக் கைவினைஞர் வெகுகாலத்துக்கு முன்பே கண்டுகொண்டார்கள்.

இருவரை ஒரே படத்தில் சேர்ப்பதற்குப் பழைய ஸ்ரூடியோக்களில் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, இரு படங்களையும் ஒரே அளவுக்குப் பெருப்பித்து, உருவங்களைக் கூரிய அலகால் வெட்டி, புதிய பின்னணியில் ஒட்டி, வெட்டிய ஓரத்தைத் தூரிகையால் மறைத்து, மறுபடி படமெடுப்பது. இரண்டாவது, இருட்டறையில் தாளின் ஒரு பாதியை மறைத்து ஒரு நெகற்றிவையும், மற்றப் பாதியை மறைத்து இன்னொரு நெகற்றிவையும் அச்சிடுவது. மூன்றாவது, இரண்டையும் பார்த்து ஓவியர் ஒரே படமாக வரைவது. எவ்வளவு கைதேர்ந்தவர் செய்தாலும் உற்றுப் பார்த்தால் பிடிபட்டுவிடும். கணவனின் முகத்தில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழும். மனைவியின் முகத்தில் வலப்பக்கமிருந்து விழும். ஒருவரின் காலடியில் நிழல் இருக்கும், மற்றவரின் காலடியில் இராது. தோள்கள் உரசி நிற்கும்; கண்கள் இரண்டு வேறு இடங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

யாழ்ப்பாணத்தில் இந்த மரபுக்குத் தனிப்பட்ட ஒரு வடிவமும் உண்டு. ஒருவர் இறந்து 31 ஆம் நாள் அந்தியேட்டியின்போது வழங்கும் நினைவு நூலைக் கல்வெட்டு என்கிறோம். முகப்பில் இறந்தவரின் படம், உள்ளே வாழ்க்கைக் குறிப்பு, திதி வெண்பா, தேவாரம், வம்சாவளி. கல்லில் வெட்டாமல் தாளில் அச்சிட்ட இந்தக் கல்வெட்டு, குடும்பப் படத்தைக் கொண்டு செய்த நினைவுக் கலையே. அதோடு, பிரேதத்தைச் சுற்றி உறவினர் நின்று எடுக்கும் படமும் இருந்தது. செத்தவீட்டில் படம் எடுப்பதைப் பார்த்து வெளியார் திகைப்பதுண்டு. அந்தப் படம் யாருக்கு என்று யோசித்தால் திகைப்பு நீங்கிவிடும். அது வரமுடியாமற்போன மகனுக்கு. அவன் கட்டாரிலோ குவைத்திலோ இருந்தான்.

இந்தக் கலைக்கு வயது முதிர்ந்த ஸ்ரூடியோக்காரரே சாட்சி. தமிழகத்தின் பழைய ஸ்ரூடியோக்களில் எஞ்சிய படங்களை, பிரித்தானிய நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியுடன், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் எண்மியப் பிரதிகளாக்கி வைத்திருக்கிறார்கள். எமது பக்கத்தில் யுத்தம் பல ஸ்ரூடியோக்களையும் அவற்றின் நெகற்றிவ் பெட்டிகளையும் கொண்டுபோய்விட்டது.

விசா கிடைக்காத குடும்பம்

1973 இல் எண்ணெய் விலை பன்மடங்காயிற்று. இலங்கையில் 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1985 இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைந்தது. மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை, மன்னார், புத்தளம், மலையகம் எங்கும் ஒருவரேனும் மத்திய கிழக்குக்குப் போகாத தெருவே இல்லை எனும்படி ஆயிற்று. 1983 யூலைக்குப் பின்னர் ஐரோப்பா போன சிலர்கூட அதற்கு முன் சில ஆண்டுகள் வளைகுடாவில் உழைத்தவர்கள்தான்.

மேற்கே போனவர்களுக்கும் வளைகுடாவுக்குப் போனவர்களுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மேற்கே போனவர் காலம் தாழ்த்தியேனும் குடும்பத்தை அழைத்துக்கொள்ளவும், குடியுரிமை பெறவும் வழி இருந்தது. வளைகுடாவில் தொழிலாளியின் இருப்பு அவரது கபீலின், அதாவது பொறுப்பேற்ற முதலாளியின், கையில் இருந்தது. குடும்பத்தை அழைப்பதற்குச் சம்பள வரம்பு இருந்தது. ஐக்கிய அரபு எமிரேற்ஸில் 2019 இல் திருத்திய விதியின்படி மாதம் 4000 திர்ஹாம், அல்லது இருப்பிடத்தோடு 3000 திர்ஹாம் பெறுபவரே மனைவி பிள்ளைகளை அழைக்கலாம். கட்டடத் தொழிலாளிக்கும் வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் அது எட்டாத தொகை. திருமணமான மூன்றாம் மாதம் புறப்பட்டவன் இரண்டாண்டுக்கு ஒருமுறை விடுமுறையில் வந்தான். இருபது ஆண்டுத் தாம்பத்தியத்தில் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் இரண்டு ஆண்டும் வராது.

இந்த இடத்தில்தான் ஒட்டுப்படம் தன் உண்மையான வேலையைச் செய்யத் தொடங்கியது. டுபாய்க் கோட்டுப் படத்தையும், ஊரில் எடுத்த மனைவி பிள்ளைகளின் படத்தையும் ஸ்ரூடியோக்காரரிடம் கொடுத்தார்கள். அவர் இருவரையும் சேர்த்து, பின்னால் ஒரு பூந்தோட்டத்தையோ நீர்வீழ்ச்சியையோ வைத்துக் கொடுத்தார். அப்பா ஊரில் இல்லாதபோது பிறந்த பிள்ளை அப்பாவின் மடியில் இருந்தது அந்தப் படத்தில்தான். கல்யாணக் குழுப்படத்தில் வரமுடியாத அண்ணனுக்கு மேல் மூலையில் ஒரு வட்டம் ஒதுக்கினார்கள். அந்த வட்டத்தைப் பார்த்து ‘இவர் செத்துப்போனாரா’ என்று விருந்தாளி கேட்பதும், ‘இல்லை, சவூதியில்’ என்று வீட்டுக்காரர் விளக்குவதும் பல வீடுகளில் நடந்தவை. இறந்தவரையும் இல்லாதவரையும் காட்டுவதற்கு ஸ்ரூடியோவிடம் ஒரே வட்டமே இருந்தது.

எதிர்த்திசையிலும் படங்கள் போயின. பிள்ளை முதல் நாள் பள்ளிக்கூடம் போகும் படம், கட்டி முடியாத வீட்டின் கூரை வேலை, பூப்புனித நீராட்டு விழா, ஆச்சியின் கடைசிப் படம். பின்புறத்தில் நீலப் பேனையால் திகதியும், ‘அன்புள்ள அப்பாவுக்கு’ என்ற நாலு வரியும். ஒலிநாடாவில் குரலைப் பதிந்து, அதோடு படத்தையும் வைத்து, விடுமுறைக்கு வந்து திரும்புபவரிடம் கொடுத்துவிட்டார்கள். எட்டுப் பேர் அடுக்குக் கட்டிலில் படுக்கும் முகாம் அறையில், கட்டிலின் உட்பக்கச் சுவரே ஒருவருக்கு உரிய இடம். அந்தச் சுவரில் ஒட்டிய படங்கள்தான் அவருடைய வீடு.

பெண்களின் கதை இதிலும் வேறானது. 1990களின் நடுப்பகுதியில் இலங்கையிலிருந்து வேலைக்காக வெளிநாடு சென்றவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். பெரும்பாலும் வீட்டுப் பணிப்பெண்கள். வறிய குடும்பத்துப் பெண்கள் பலர் தனியே கமராவின் முன் நின்றது அடையாள அட்டைக்காக, அடுத்தது ஏஜென்சியின் கோப்புக்காக. உடல் உழைக்கத்தக்கதா என்று முதலாளி பார்ப்பதற்கு முழு உருவப் படம். நிற்கும் விதத்தையும் உடுப்பையும்கூட ஏஜென்சியே சொல்லிக்கொடுத்தது. அப்பெண் பின்னர் இறந்தாலோ காணாமற்போனாலோ குடும்பத்திடம் எஞ்சியது இந்தப் படமே.

மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக் 2005 இல் சவூதிக்குப் பணிப்பெண்ணாகப் போனார். பிறப்புச் சான்றிதழின்படி அவர் 1988 இல் பிறந்தவர்; கடவுச்சீட்டில் இருந்ததோ 1982. பதினேழு வயதுச் சிறுமியை இருபத்துமூன்று வயதுப் பெண்ணாக்கிய அந்தக் கடவுச்சீட்டோடுதான் அவர் விமானம் ஏறினார். அவர் பொறுப்பில் இருந்த குழந்தை இறந்ததற்காகக் கொலைக்குற்றம் சாட்டப்பட்டு, 2013 ஜனவரி 9 இல் மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. பத்திரிகைகள் திரும்பத் திரும்பப் போட்டது அவரது ஒரு சிறிய படத்தை. ஏழாண்டுக்கு மேலாகச் சிறையில் கழிந்த வாழ்வுக்கு அல்பம் இல்லை. ஒரு படம் எதற்காக எடுக்கப்பட்டது என்று கேட்காமல் அதற்கு மாலை போடுவது போதாது என்பதை இந்த ஒரு படமே எமக்குச் சொல்கிறது.

அங்கே தப்பிய பிரதிகள்

படங்களை இழப்பதில் எமது சமூகங்களுக்கு ஒரு நீண்ட பட்டியல் உண்டு. 1990 ஓகஸ்ட் 2 இல் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியபோது, அங்கிருந்த தொழிலாளர் பாலைவனத்தைக் கடந்து ஜோர்தான் வந்தார்கள். இந்தியா மட்டும் அம்மானிலிருந்து 1,70,000 பேருக்கு மேல் விமானத்தில் ஏற்றியது. கையில் வந்தது கடவுச்சீட்டும் தண்ணீர்ப் போத்தலும். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் 70,000 க்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணமே பெயர்ந்து நடந்தது. 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தது. 2009 இல் வன்னியில் எஞ்சியதெல்லாம் போயிற்று. இடையிலே, இயக்கத்துக்குப் போன பிள்ளையின் படத்தைச் சுற்றிவளைப்புக்குப் பயந்து தாயே அடுப்பில் போட்ட நாட்களும் இருந்தன. அல்பத்தில் ஒரு முகத்தை மட்டும் கத்தரித்தெடுத்த ஓட்டைகள் அந்தப் பயத்தின் தடயங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு எமது குடும்பங்கள் பழைய படங்களைத் தேடும்போது ஒரு விசித்திரமான உண்மை தெரிய வருகிறது. வீட்டில் இருந்த மூலப்படம் அழிந்துவிட்டது. வளைகுடாவுக்கு அனுப்பிய பிரதி தப்பியிருக்கிறது. தொழிலாளியின் பெட்டிக்குள், முகாம் சுவரில், பின்பு ஊர் திரும்பியபோது கார்கோப் பெட்டியின் அடியில், பசைபட்ட முதுகோடும் மடிந்த மூலையோடும் அது தங்கியிருக்கிறது. குடும்பத்தைச் சேர்த்து வைத்திராத நாடு, குடும்பத்தின் படத்தைக் காப்பாற்றித் தந்திருக்கிறது. வேறு நாடுகளுக்குப் போன உறவினரின் அல்பங்களும் இப்படிச் சில படங்களைக் காத்தன என்பது உண்மையே. ஆனால் ஐரோப்பாவில் இருப்பவர் அல்பத்தைப் பாதுகாக்க வேண்டிய சொத்தாக எண்ணினார். வளைகுடாவிலிருந்து திரும்பியவரோ அதைத் தான் பட்ட பாட்டின் அழுக்கு மூட்டையாக எண்ணி எறிந்துவிடக்கூடும். அதனாலேயே அவரது பெட்டிக்கு நாம் முதலிடம் கொடுக்கவேண்டும்.

2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தில் இருந்தார்கள். அவர்களின் கையிலிருந்த படங்களைக் கவனித்தால், பல படங்கள் ஏதோவொரு குழுப்படத்திலிருந்து பிரித்தெடுத்துப் பெருப்பித்தவை என்பது தெரியும். தோளில் வேறொருவரின் கை இருக்கும். காதோரம் யாருடையதோ சேலைத் தலைப்பு. கல்யாணவீட்டுப் படமொன்று சாட்சியமாக மாறியிருக்கிறது. ஒட்டிச் சேர்த்து வைத்த அதே கை, இப்போது வெட்டிப் பிரித்துப் பிடித்திருக்கிறது. இரண்டும் இல்லாத ஒருவரை முன்னிறுத்துவதற்கே.

வெட்டும்போது நினைக்கவேண்டியவை

ஆகவே பழைய படத்தில் நினைவுப் பொருள் செய்ய இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்லவேண்டும். முதலாவது, மூலப்படத்தில் கை வைக்கவேண்டாம். பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் வேண்டியதைச் செய்யலாம். முன்புறத்தைப் போலவே பின்புறத்தையும் பிரதி எடுக்கவேண்டும். ஸ்ரூடியோவின் முத்திரை, திகதி, எழுத்துப்பிழையோடு கூடிய நாலு வரி எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. 1970களினதும் 1980களினதும் கலர்ப் படங்கள் பல செந்நிறமாகிவிட்டன. அவற்றின் நீலச் சாயம் முந்தி மங்குவதே காரணம். பசைத்தாளும் மேலே பிளாஸ்ரிக் உறையும் கொண்ட அந்தக்கால அல்பங்கள் படத்தைக் கெடுப்பவை. ஒட்டிக்கொண்ட படத்தை இழுத்து உரிக்காமல், இருந்த நிலையிலேயே முதலில் பிரதி எடுத்துவிடுவது நல்லது.

இரண்டாவது, புதிய கருவிகள். 2021 இல் பழைய படத்து முகங்களைக் கண்சிமிட்டிச் சிரிக்கவைக்கும் வசதி வந்தது. இன்று மங்கிய முகத்தைக் கணினி கூர்மையாக்கித் தருகிறது, கறுப்பு வெள்ளைக்கு நிறம் கொடுக்கிறது, இறந்த தகப்பனை மகளின் மணமேடையில் நிறுத்துகிறது. பழைய ஒட்டுப்படம் செய்த அதே வேலைதான் இது. அதனால் இதை இழிவாகப் பேச எமக்கு உரிமையில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஸ்ரூடியோக்காரர் ஒட்டிய முகம் அவருடைய முகமேதான். வெட்டிய ஓரத்தைப் பார்த்தால் ஒட்டியது என்றும் தெரிந்துவிடும். கணினியோ தெரியாத இடத்தை எங்கெங்கோ கண்ட முகங்களிலிருந்து நிரப்புகிறது, ஓரமும் தெரிவதில்லை. நாற்பது ஆண்டு கழித்துப் பேரப்பிள்ளை அதையே தன் பூட்டியின் முகம் என்று நம்பும்.

மூன்றாவது, யாரை வெட்டுகிறோம் என்பது. லெபனானில் 1997 இல் தொடங்கிய அரபுப் படிம நிறுவனத்தைச் சேர்ந்த கலைஞர் அக்ரம் ஸாத்தாரி, சைதா நகரத்து ஸ்ரூடியோக்காரர் ஹாஷிம் அல் மதனியின் நெகற்றிவ்களைத் தேடியெடுத்தார். அவற்றில் ஒரு பெண்ணின் நெகற்றிவ்கள் ஊசியால் கீறப்பட்டிருந்தன. தன் அனுமதி இல்லாமல் படமெடுத்தாள் என்று கணவன் வந்து கீறச் செய்தான். அந்தப் பெண் தன்னையே எரித்து மாண்ட பின், அதே கணவன் திரும்பி வந்து வேறு படங்கள் இருக்கின்றனவா, பெருப்பித்துத் தரமுடியுமா என்று கேட்டதாக மதனி சொல்லியிருக்கிறார். எமது அல்பங்களிலும் இந்தக் கீறல்கள் உண்டு. சாதி மாறிக் கலியாணம் செய்த அத்தை, வேறு இயக்கத்துக்குப் போன மாமா, மத்திய கிழக்கிலிருந்து குழந்தையோடு திரும்பியதால் பேச்சில் இருந்தே நீக்கப்பட்ட அக்கா. நினைவுப் பொருள் செய்யும்போது அழகு கருதி விளிம்பிலிருந்து அகற்றப்படுபவர்களும் பெரும்பாலும் இவர்களே. பெரிய வீட்டுக் குழுப்படத்தின் ஓரத்தில் பெயரில்லாமல் நிற்கும் வேலைக்காரச் சிறுமியையும் இவர்களோடு சேர்த்துக்கொள்ளவேண்டும். எமது பெண்கள் அரபு வீடுகளின் படங்களில் பெயரில்லாமல் நிற்கிறார்களே என்று நாம் முறையிடுவதானால், எங்கள் வீட்டுப் படங்களில் அப்படி நிற்பவர்களின் பெயரையும் நாம்தான் எழுதவேண்டும்.

அபுதாபி மாணவிகள் செய்த வேலையில் நாம் எடுத்துக்கொள்ளவேண்டியது அவர்களுடைய முறையையே. படத்தை வைத்துக் கலைப்பொருள் செய்வதற்கு முன், படத்தைக் கையில் கொடுத்துப் பெரியவர்களைப் பேசவிட்டார்கள். வளைகுடாவுக்கு 1970களில் போன தலைமுறை இன்று எழுபதும் எண்பதும் கடந்துவிட்டது. ஊரில் இருந்தாலும், வேறு நாடுகளில் பிள்ளைகளோடு இருந்தாலும், அவர்களிடம் கேட்பதற்கு இன்னும் கொஞ்சக் காலமே உண்டு. படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர் ஸ்ரூடியோ, எந்த ஆண்டு, யாருக்கு அனுப்ப எடுத்தது, யாரை எங்கிருந்து வெட்டி ஒட்டியது, யாரை வெட்டி எறிந்தது என்று ஆறு கேள்விகள் போதும். பதிலை மெல்லிய பென்சிலால் படத்தின் பின்புறத்தில் எழுதிவைக்கவேண்டும். புதிதாகச் செய்யும் படமானால் ‘இது ஒட்டிச் சேர்த்தது, இவர்கள் இருவரும் அன்று ஒரே இடத்தில் இருக்கவில்லை’ என்றும் எழுதவேண்டும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அது அழகான குடும்பப் படமாக மட்டுமே எஞ்சும். பூந்தோட்டத்தின் முன் நிற்கும் அந்தக் கணவனும் மனைவியும் இருபது ஆண்டு எதைக் கொடுத்து அந்த வீட்டைக் கட்டினார்கள் என்பது பின்னால் வருபவர்களுக்குத் தெரியாமலே போய்விடும்.